அடுத்த கூட்டம் யார் வீட்டில்?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக் கூடத்தில் நாலு பேரைக் கூட்டிவைத்துப் பொருள் விற்பதை முழுநேரப் பிழைப்பாக ஆக்கிக்கொள்ள முடியுமா என்று பேச அழைத்திருக்கிறார்கள். முடியும். யாருக்கு முடியும், எந்தக் கணக்கில் முடியும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் வங்கியில் சிறுகடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். இப்படி விற்கும் பெண்களின் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டுவது முதலில் என் வேலையாக இருந்தது, பிறகு பித்தாகவே ஆகிவிட்டது. உற்சாகமூட்டும் பேச்சை எதிர்பார்த்து வானொலியைத் திருப்பியவர்கள் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்குத் தெரியாத காட்சி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தெரிந்தவர் வீடு. ஜமுக்காளம் விரித்திருக்கும். காபியும் மிக்சரும் சுற்றி வரும். ஒருவர் பையைத் திறந்து டப்பாக்களையோ முகப்பூச்சுகளையோ புடவைகளையோ எடுத்து வைப்பார். எதுவும் வாங்குவதில்லை என்று கணவரிடம் சொல்லிவிட்டு வந்தவர், திரும்பும்போது ஒரு பையோடு திரும்புவார்.

இந்த வியாபாரத்தைப் பற்றி யார் பேசினாலும் நான் பிரௌனி வைஸ் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பேன். வீட்டில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். இருக்கட்டும். ஏர்ல் டப்பர் என்பவர் 1946இல் டப்பர்வேர் பிளாஸ்டிக் பாத்திரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பாத்திரம் அருமையானது, ஆனால் கடை அலமாரியில் அசையாமல் கிடந்தது. காரணம் மூடி. நடுவில் அழுத்தி, ஓரத்தை லேசாகத் தூக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி மூடினால்தான் அது இறுகும். அதை யாராவது செய்து காட்டினால்தானே தெரியும்? கடைக்காரருக்கு அதற்கு நேரம் இல்லை. வீட்டுக்கு வாங்கிப் போனவர்கள் மூடி பொருந்தவில்லை என்று நினைத்தார்கள்.

பிரௌனி வைஸ் டெட்ராய்ட் நகரத்துப் பக்கம் செயலாளராக வேலை பார்த்தவர். விவாகரத்தானவர், ஒரு மகனைத் தனியாக வளர்த்தவர். சம்பளம் போதாமல் ஸ்டான்லி ஹோம் புராடக்ட்ஸ் என்ற நிறுவனத்தின் பிரஷ், துடைப்பான் வகைகளை வீட்டுக் கூட்டங்களில் விற்றார். வீட்டுக் கூட்டம் என்ற முறை அவருடைய கண்டுபிடிப்பு அல்ல, அங்கே கற்றுக்கொண்டதுதான். பிறகு டப்பர்வேர் கிண்ணங்களை எடுத்துக்கொண்டார். என்ன செய்தார் தெரியுமா? கிண்ணத்தில் திராட்சைச் சாற்றை நிரப்பி, மூடி, அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு வீசுவார். நல்ல சோபா, வெளிர் நிறக் கம்பளம் எல்லாம் இருக்கிற வீடு! பெண்கள் அலறுவார்கள். ஒரு சொட்டுகூடச் சிந்தாது. அதற்குப் பிறகு விளக்கம் எதற்கு?

இவர் விற்ற அளவைப் பார்த்த டப்பர், 1951இல் பாத்திரங்களைக் கடைகளிலிருந்தே திரும்பப் பெற்றுக்கொண்டார். இனி வீட்டுக் கூட்டம் மட்டும்தான், அதற்குத் தலைமை இந்த அம்மாள் என்று துணைத் தலைவர் பதவி கொடுத்தார். 1954இல் பிசினஸ் வீக் பத்திரிகையின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான்.

நான் இந்தக் கதையை வெற்றிக் கதையாகச் சொல்ல வரவில்லை. மீதியைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். செய்து காட்ட வேண்டிய பொருள், தொட்டுப் பார்க்க வேண்டிய பொருள், போட்டுப் பார்க்க வேண்டிய பொருள் ஆகியவற்றுக்குத்தான் வீட்டுக் கூட்டம் பொருந்தும். உப்பும் பருப்பும் வாங்க எவரும் ஜமுக்காளத்தில் வந்து உட்கார மாட்டார்கள்.

இனி என் நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். கையில் பேனா இல்லாதவர்களும் மனக்கணக்காகப் போடலாம், உருண்டைத் தொகையாகவே சொல்கிறேன். ஒரு கூட்டத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். கால்பங்கு கமிஷன் என்றால் இரண்டாயிரம். பலர் இந்த இரண்டாயிரத்தோடு கணக்கை மூடிவிடுவார்கள். இடம் கொடுத்த வீட்டு அம்மாளுக்கு ஒரு பரிசு, நானூறு. சாம்பிள் பையோடு போய்வர ஆட்டோ, ஆர்டர் வந்ததும் பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்க மறுபடியும் ஆட்டோ, இரண்டும் சேர்த்து நானூறு. சாம்பிள் தேய்மானம், தொலைபேசி, சில்லறை என்று இருநூறு. மிஞ்சுவது ஆயிரம். மாதம் இருபத்தைந்தாயிரம் வேண்டுமென்றால் இருபத்தைந்து கூட்டம் நடத்த வேண்டும். கூட்டத்துக்கு ஒரு பிற்பகல், பொருள் கொடுக்க ஒரு பிற்பகல். மாதத்தில் எத்தனை பிற்பகல் இருக்கிறது? வராத பாக்கியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

விற்ற தொகை வேறு, கமிஷன் வேறு, கையில் நிற்கும் பணம் வேறு. திரும்பவும் சொல்கிறேன், விற்ற தொகை வேறு, கையில் நிற்கும் பணம் வேறு. மாத இலக்கை எட்டுவதற்காகத் தன் பெயரிலேயே வாங்கிப் பீரோவில் அடுக்கிய சரக்கு எந்தக் கணக்கிலும் வருமானம் ஆகாது. முதல் முடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது தாட்சண்யம். முதல் நாலு கூட்டம் அமோகமாக நடக்கும். அக்கா வீடு, நாத்தனார் வீடு, மாடி வீடு, பள்ளிக்கூட வாசலில் பழகியவர் வீடு. இவர்கள் வாங்குவது மொய் எழுதுகிற மாதிரி. நீ என் வீட்டுக்கு வந்தாய், நான் உன் வீட்டுக்கு வருகிறேன். மொய்யில் வந்த பணத்தை வைத்து யாரும் மாதச் சம்பளம் என்று திட்டம் போடுவதில்லையே! ஆனால் இந்த முதல் நாலு கூட்டத்தை நம்பித்தான் பலர் வேலையை விடுகிறார்கள். ஐந்தாவது மாதம், இவர் பெயரைத் திரையில் பார்த்தாலே உறவினர்கள் தொலைபேசியை எடுப்பதில்லை.

மதுரையில் எங்கள் கிளைக்கு ஒரு அம்மாள் வருவார். சுங்குடிச் சேலை விற்றார், சாயம் போடுகிறவர்களிடம் நேரடியாக எடுத்து. அவருடைய நோட்டில் மற்றவர்கள் நோட்டில் இல்லாத ஒரு பத்தி இருந்தது. யார் எவ்வளவுக்கு வாங்கினார் என்பதற்குப் பக்கத்தில், யார் மூலம் வந்தார் என்று எழுதியிருப்பார். மருத்துவமனைச் செவிலியர் குடியிருப்பில் ஒருவர், அவர் மூலம் ரயில்வே காலனி, அங்கிருந்து ஒரு பள்ளி ஆசிரியை. ஒன்றாம் தேதியிலிருந்து பத்தாம் தேதி வரை ஒரு நாளும் வீணாக்க மாட்டார், சம்பளம் கையில் இருக்கிற நாட்கள். அன்று எவ்வளவு விற்றது என்று நான் கேட்டால் அலட்சியமாகப் பதில் சொல்வார். அடுத்த கூட்டம் யார் வீட்டில் என்பதில்தான் அவர் கண். ஒன்றுமே வாங்காமல் “எங்கள் வீட்டில் ஒருநாள் வையுங்களேன்” என்று சொல்கிறவருக்குத்தான் அவர் நல்ல சேலையை விலை குறைத்துக் கொடுப்பார்.

இந்தத் தொழிலின் சூட்சுமமாக நான் நினைப்பது இதுதான். ஒவ்வொரு கூட்டத்திலும் குறைந்தது இரண்டு அழைப்பு வாங்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். ஒன்று போதாதா என்றால், போதாது. ஒரு வீட்டில் மாமியார் வந்துவிடுவார், பிள்ளைக்குத் தேர்வு வந்துவிடும், கூட்டம் கலைந்துபோகும். அழைப்பு புதிய தெருவுக்கு இருந்தால் இன்னும் நல்லது. சொந்தக்காரர் வட்டத்தைத் தாண்டிய நாளைத்தான் நான் முழுநேரத் தொழில் தொடங்கிய நாள் என்பேன். இப்போது வாட்ஸாப்பில் படம் அனுப்பி விற்கிறார்களே என்பீர்கள். தாராளமாக விற்கட்டும். ஏற்கெனவே நம்புகிறவரிடம் மறுபடி விற்க அது கெட்டிக்கார வழி. புதிய தெருவில் நம்பிக்கை பிறக்க இன்னமும் ஜமுக்காளம்தான் வேண்டியிருக்கிறது.

பிரௌனி வைஸ் கதையின் மீதி. 1958 ஜனவரியில் டப்பர் அவரை வேலையைவிட்டு நீக்கினார். நிறுவனத்தில் அவருக்கு ஒரு பங்குகூட இல்லை. ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம் மட்டுமே கிடைத்தது. அதே ஆண்டில் டப்பர் நிறுவனத்தை ரெக்சால் என்ற கம்பெனிக்கு 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றார். அடுத்தவர் பெயரில் வரும் பொருளை விற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கமிஷன் விகிதத்தை நாளைக்கு மாற்றுவார்கள், பொருளையே நிறுத்துவார்கள். டப்பர்வேர் நிறுவனமே 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு மனுப் போட்டது. விற்கிற பெண்ணுக்குச் சொந்தமானது, வாங்குகிறவர்களின் பெயர்கள் எழுதிய நோட்டு ஒன்றுதான். அதைக் கம்பெனியின் செயலியில் மட்டும் ஏற்றிவைத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். சட்டத்துக்கென்று ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், ஒரு நிமிடம்கூட இல்லை. வேகமாகச் சொல்கிறேன். பொருளை விற்று வரும் பணத்தைவிட, ஆள் சேர்த்தால் வரும் பணத்தைப் பற்றியே பேசுகிற திட்டமானால் எழுந்து வந்துவிடுங்கள். இப்படி ஆள் சேர்த்தே பணத்தைச் சுற்றவிடும் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 1978இலிருந்தே இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிட் திட்டம் என்கிற இந்த ஆள் சேர்ப்பு முறையைத் தடுக்கின்றன. அடையாள அட்டை இல்லாமலும் முன்கூட்டிக் கேட்காமலும் விற்பனைக்கு ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. விற்கிறவர்களும் தெரிந்துகொள்ளுங்கள், கதவைத் திறக்கிறவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, வேலையை விடுவதற்கு முன் ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக வங்கியில் போட்டுவையுங்கள், அதிலிருந்து சரக்கு வாங்காதீர்கள். வருமான வரி பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து பேசுகிறேன். வணக்கம்.