கோதுமைக்குள் ஒளிந்திருக்கும் மண்டூசி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு ஜனவரிக் குளிரில், ஹரியானாவில் கர்னால் பக்கம் ஒரு கோதுமை வயலில் இறங்கி நின்றேன். கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. வயல்காரர் குனிந்து இரண்டு செடிகளைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். ஒன்றில், இலை தண்டைத் தழுவும் இடத்தில் நகம்போல இரண்டு சிறு மடல்கள் இருந்தன. மற்றதில் அவை இல்லை. அடித்தண்டில் இளஞ்சிவப்பு ஓடியிருந்தது. முதலாவது கோதுமை. இரண்டாவதை அங்கே மண்டூசி என்கிறார்கள், பஞ்சாபில் குல்லி டண்டா. தாவரவியலில் அதன் பெயர் ஃபலாரிஸ் மைனர்.

1970களின் இறுதியில் இந்தக் களைக்கு ஐசோபுரோட்டூரான் என்ற மருந்து வந்தது. விலை மலிவு, வேலையும் சுத்தம். ஆண்டு தவறாமல் அதையே அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஹரியானாவில் அது கேட்காமல் போனது. களை மூடிய வயல்களில், கதிர் முற்றுமுன்பே கோதுமையை மாட்டுத் தீவனமாக அறுத்துப் போட்டவர்கள் உண்டு. விதைத்தவனுக்கு அதைவிட வேதனை என்ன இருக்கிறது?

என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஐசோபுரோட்டூரான் செடியின் ஒளிச்சேர்க்கையை நிறுத்திவிடும். கோதுமை மட்டும் பிழைப்பதற்குக் காரணம், மருந்தைத் தன் உடலுக்குள்ளேயே விரைவாகச் சிதைத்துவிடும் திறன். லட்சக்கணக்கான மண்டூசிச் செடிகளில் ஏதோ சிலவற்றுக்கும் அதே திறன் பிறவியிலேயே இருந்தது. மருந்து மற்றவற்றை அழித்தது. இவை விதை போட்டன. மருந்து புதிதாக எதையும் உண்டாக்கவில்லை, சலித்து எடுத்துக் கொடுத்தது. பயிரைக் காத்த அதே கவசம் களைக்கும் வந்துவிட்டது.

பிறகு, 1990களின் பிற்பகுதியில் குளோடினாஃபாப், சல்ஃபோசல்ஃப்யூரான் போன்ற புது மருந்துகள் வந்தன. சில ஆண்டுகள் மூச்சு விட முடிந்தது. பின்னர் அவற்றையும் தாங்கும் களைகள் வந்தன. மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது வழியல்ல என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். பார்க்க வேண்டியது, அந்த வயல் யாருக்குச் சாதகமாக இருக்கிறது என்பதை.

நெல்லுக்குப் பின் கோதுமை, கோதுமைக்குப் பின் நெல் என்றே ஓடும் நிலத்தில்தான் சிக்கல் கடுமையாக வந்தது. நெல்வயலில் தேங்கும் நீரைத் தாண்டியும் மண்டூசி விதை உயிரோடு கிடக்கிறது. அறுவடைக்குப் பிந்தைய ஈர மண்ணும் குளிரும் அதற்கு நல்ல மடி. இடையில் பெர்சீம் தீவனப்பயிரோ கரும்போ வைத்த நிலங்களில் தொல்லை குறைவு. பெர்சீமைத் திரும்பத் திரும்ப அறுக்கும்போது களையும் விதை வைப்பதற்குள் அறுபட்டுவிடும் அல்லவா?

விதைக்கும் நாளும் முக்கியம். மண்டூசி முளைக்கக் குளிர் வேண்டும். அக்டோபர் கடைசியில், வெயிலின் சூடு மிச்சமிருக்கும்போதே விதைத்த கோதுமை முந்திக்கொண்டு தூர் கட்டி நிழல் விரித்துவிடும். தாமதித்து விதைத்தால் இரண்டும் ஒன்றாக எழும். ஒரே வெளிச்சத்துக்கும் ஒரே உரத்துக்கும் அடித்துக்கொள்ளும்.

நெல் அறுத்த தாளடியிலேயே உழாமல் கோதுமையை விதைக்கும் முறை அங்கே பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். உழவுக்கான நாட்கள் மிச்சமாகின்றன. அதைவிடப் பெரிது, ஆழத்தில் கிடக்கும் களைவிதை மேலே வருவதில்லை. மிகச் சிறிய விதை அது. ஆழத்திலிருந்து முட்டி எழ அதற்கு வலுவில்லை. வைக்கோலை எரிக்காமல் மேலே பரப்பினால் இன்னும் நல்லது.

இத்தனையும் செய்த பிறகும் சில செடிகள் தப்பி நிற்கும். கோதுமை அறுவடைக்கு வருமுன்பே மண்டூசி விதையை உதிர்த்துவிடும். எனவே கதிர் தலைகாட்டியதும் வயலுக்குள் போய்க் கையாலேயே பிடுங்கி வெளியே கொண்டுவர வேண்டும். நான் பார்த்த அந்த வயல்காரர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பிடுங்கியவற்றை வரப்பில் எறியவில்லை. கட்டாகக் கட்டி எருமைக்கு எடுத்துப் போனார்.