கோடு நடுங்கினால் நடுங்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். தாராவியில் சிறப்புக் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். “டீச்சர், டேப்லெட்டில் வரையவிடலாமா?” என்று பெற்றோர் கேட்பார்கள். தாராளமாக விடலாம். ஆனால் வரைவது பிள்ளையாக இருக்க வேண்டும்.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன். பென்சிலை அழுத்திப் பிடித்தால் விரல் இறுகிவிடும், தாள் கிழியும். அதனால் தாளைத் தொடவே மாட்டான். டேப்லெட்டில் அழுத்தமே வேண்டாம், விரல் பட்டாலே நிறம் விழும். பிடிக்கவில்லையா, ஒரு தட்டு தட்டினால் போட்ட கோடு போய்விடும். அந்தத் தைரியத்தில் லோக்கல் ரயில் வரைய ஆரம்பித்தான். ஜன்னல் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த அவன் அம்மா ஆசையாகக் கோட்டைச் சீராக்கும் வசதியை முழுசாகக் கூட்டிவிட்டார். அடுத்த பெட்டி ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் வந்தது. பையன் அதை அழித்தான். மறுபடி வரைந்தான், மறுபடி அழித்தான். கடைசியில் அவனே அந்த வசதியைக் குறைத்துவிட்டு வரைந்தான். சாய்ந்த ஜன்னல் வந்த பிறகுதான் நிறுத்தினான்.

இதைத்தான் எல்லா இடத்திலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: கோடு நடுங்கினால் நடுங்கட்டும். கை ரொம்ப உதறும் பிள்ளைக்கு அந்த வசதி தேவைதான். ஆனால் எவ்வளவு என்று பிள்ளை முடிவு செய்யட்டும். தொட்டதும் நிறம் நிரம்பும் படங்களை மட்டும் கொடுத்து ஓவியம் கற்றுக்கொடுத்ததாக நினைக்க வேண்டாம்.

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு ஈரப் பெயிண்ட் கையில் ஒட்டினாலே தாங்காது. அவர்கள் திரையில் தொடங்கட்டும். சத்தத்தை நிறுத்துங்கள். ஐபேடில் கைடட் ஆக்சஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் பிள்ளை வேறு செயலிக்குப் போக முடியாது. விளம்பரம் வரும் மூலையை வட்டமிட்டால் அங்கே தொட்டாலும் ஒன்றும் ஆகாது. அப்புறம் பக்கத்திலேயே ஒரு தூரிகையும் தாளும் இருக்கட்டும், எடுக்கிறபோது எடுக்கட்டும்.

இன்னொன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016 சட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. ஓவிய வகுப்பும் கல்விதான். தெரபிக்கு நேரம் வேண்டுமென்றால் முதலில் அந்த வகுப்பில் கை வைக்காதீர்கள்.

நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பார்வையற்ற பிள்ளைகளைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். சரி, சுருக்கமாக: அட்டையில் பசையால் கோடு போட்டுக் காயவிடுங்கள், விரலுக்குத் தடம் கிடைக்கும். நிறத்தின் பெயரைச் சொல்லும் செயலிகள் போனிலேயே கிடைக்கின்றன. கிரேயான் எடுக்கும்போது அது சொல்லட்டும். வணக்கம்.