யார் சிரிக்க வைக்கிறார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தமிழ்க் குடும்ப நகைச்சுவைப் படங்களில் பெண்கள் நம்மைச் சிரிக்க வைக்கிறார்களா, கேலிப்பொருளாக நிற்கிறார்களா என்பது தலைப்பு. கேலிப்பொருளாகத்தான் நிற்கிறார்கள் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் மனோரமாவையும் கோவை சரளாவையும் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் சேர்ந்துதான் தட்டினேன். ஜில் ஜில் ரமாமணியாக வந்த ஆச்சியின் திறமையை யார் மறுப்பது? ஆனால் நடித்தவரின் திறமை வேறு, அவருக்கு எழுதிக் கொடுத்தது வேறு. வடிவேலுவைக் கோவை சரளா போட்டு வெளுக்கிறாரே, அங்கே பெண்ணின் கைதானே ஓங்கியிருக்கிறது என்று கேட்டார். ஐயா, அந்த அடி ஏன் சிரிப்பாக இருக்கிறது? புருஷன் அடித்தால் வழக்கம், பெண்டாட்டி அடித்தால் அதிசயம் என்று நாம் மனதுக்குள் வைத்திருப்பதால்தான். அந்த நினைப்பை எடுத்துவிட்டால், ஒருவர் வலியில் கத்துவதைத் தவிர அங்கே என்ன மிச்சம்?

1989இல் வந்த கரகாட்டக்காரனை எடுத்துக்கொள்வோம். கார் காட்சி நம் வீடுகளில் மனப்பாடம். காரை முன்பு வைத்திருந்தவள் சொப்பன சுந்தரி; இப்போது அவளை யார் வைத்திருக்கிறார் என்று செந்தில் கேட்பதுதான் நகைச்சுவை. அவள் முகம்கூடப் படத்தில் வராது. காரைப் போலவே கைமாறுகிற ஒரு பெயர், அவ்வளவுதான். பாட்டியும் பேத்தியும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் பார்க்கிறார்கள்.

2007இல் சிவாஜி. குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். இரண்டு பெண்களுக்குக் கறுப்புச் சாயம் பூசி, அந்த நிறத்தையே கேலியாக்கினார்கள். வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பாரி மகளிரின் பெயர் அது! தகப்பனையும் குன்றையும் இழந்து 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்' என்று பாடிய பெண்களின் பெயர். கறுப்பாகப் பிறந்த பிள்ளைகளை வகுப்பில் அந்தப் பெயரால் கூப்பிட்டுச் சிரித்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, வேறு மாதிரி எழுத முடியாதா? முடியும் என்று 1994லேயே காட்டிவிட்டார்கள். மகளிர் மட்டும். துப்புரவு வேலை பார்க்கும் பாப்பம்மா, அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜானகி, சத்யா. சாதியும் பேச்சும் வேறுவேறான மூன்று பெண்கள், மூவருக்கும் ஒரே தலைவலி: கை நீட்டும் மேலதிகாரி. பாப்பம்மாவாக வரும் ரோகிணியின் பேச்சுக்கும் ஜானகியாக வரும் ஊர்வசியின் பேச்சுக்கும் தனித்தனியாகச் சிரிப்பு வருகிறது. யாருடைய உடம்பையும் வைத்து அல்ல. அதற்கு வசனம் கிரேஸி மோகன், இயக்கம் சிங்கீதம் சீனிவாச ராவ். இரண்டு பேரும் ஆண்கள். ஆகவே, ஆணுக்குப் பெண்ணை எழுத வராது என்கிற சாக்கும் நிற்காது. வரும். மெனக்கெடுவதில்லை.

இதை எதிரணி தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் உதாரணம் சொல்ல முப்பது வருஷம் பின்னால் போகவேண்டியிருக்கிறதே! அப்புறம் வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழருக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு பெண்கள் தங்களுக்குள் பேசி நம்மைச் சிரிக்க வைத்த பத்துக் காட்சிகளை இந்த மேடையில் சொல்லுங்கள். அதில் நிறம், பருமன், மாமியார் சண்டை எதுவும் வரக்கூடாது. சொல்லிவிட்டால் என் வாதத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். நன்றி, வணக்கம்.