வாசலில் முகவரி கேட்ட மைதானம்

[திரையில்: நேஷனல்ஸ் பார்க், வாஷிங்டன். ஏப்ரல் 5, 2010]

பேஸ்பால் சீசனின் முதல் நாள். தொடக்கப் பந்தை வீச அதிபர் பராக் ஒபாமாவே வந்திருக்கிறார். ஆனால் உள்ளூர் அணியான வாஷிங்டன் நேஷனல்ஸின் வீரர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தும்போது, சொந்த மைதானத்திலேயே அவர்களை நோக்கிக் கேலிக் கூச்சல் எழுகிறது. இருக்கைகளை ஆயிரக்கணக்கில் பிடித்திருந்தவர்கள் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் அணியின் ரசிகர்கள். அன்றைய ஆட்டத்தையும் ஃபிலீஸ் அணியே 11-1 என்ற கணக்கில் வென்றது.

[திரையில்: இரண்டு சிவப்புத் தொப்பிகள், அருகருகே]

இரு அணிகளுக்கும் நிறம் சிவப்புதான். தொலைவிலிருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் ஒரே கூட்டம்போலத் தெரியும். தொப்பியில் இருப்பது வாஷிங்டனின் வளைந்த டபிள்யூவா (W), ஃபிலீஸின் பி-யா (P) என்று உற்றுப் பார்த்தால்தான் யார் வீட்டில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பது புரியும். காதுக்கு மட்டும் அந்தக் குழப்பம் இருந்ததில்லை.

இந்த நிலை எப்படி வந்தது? ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வாஷிங்டனுக்குச் சுமார் 225 கிலோமீட்டர். காரிலோ ரயிலிலோ காலையில் கிளம்பி, ஆட்டம் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பிவிடலாம். 2008இல் சாம்பியன் பட்டம் வென்ற ஃபிலீஸ் அணியின் சொந்த மைதானத்திலோ 2009 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை தொடர்ந்து 257 ஆட்டங்களுக்கு டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. மறுபுறம், 2008, 2009 ஆகிய இரு சீசன்களிலும் நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்ற நேஷனல்ஸ் அணியின் புது மைதானத்தில் இருக்கைகள் தாராளமாகக் கிடைத்தன. ஒரு சீசனில் 81 ஆட்டங்களைச் சொந்த ஊரில் நடத்த வேண்டிய அணிக்குக் காலி நாற்காலி என்பது நேரடி நஷ்டம். எனவே பேருந்து பேருந்தாக வந்த வெளியூர்க் குழுக்களுக்கு டிக்கெட்டுகளை மொத்தமாக விற்றது அணி நிர்வாகம்தான். விருந்தாளி தானாக நுழையவில்லை, இலை போட்டு அழைக்கப்பட்டார் என்பதை மறந்துவிடக் கூடாது.

[திரையில்: பிப்ரவரி 2012]

இரண்டு ஆண்டுகள் கழித்து நிர்வாகம் மனம் மாறியது. மே மாதம் ஃபிலீஸ் அணியுடன் நடக்கவிருந்த மூன்று ஆட்டங்களுக்கு "மைதானத்தை மீட்போம்" என்ற பொருளில் ஒரு திட்டத்தை அறிவித்து, பொது விற்பனை தொடங்கும் முன்பே டிக்கெட்டுகளைத் தனியாக விற்பனைக்கு விட்டது. வாஷிங்டன், மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய இடங்களின் முகவரியில் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் மட்டுமே அப்போது வாங்க முடியும். அதாவது, நீங்கள் எந்த அணியின் ரசிகர் என்று எவரும் கேட்பதில்லை; உங்கள் கார்டுக்கான பில் எந்த ஊருக்குப் போகிறது என்பதை மட்டும் கணினி பார்க்கும்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. முகவரி வேறு, மனம் வேறு. மேரிலாந்தில் குடியேறிய ஃபிலடெல்ஃபியாக்காரர் எந்தத் தடையுமின்றி வாங்கலாம். அங்கு மைத்துனர் இருப்பவர் அவரிடம் சொல்லி வாங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக மறுவிற்பனைத் தளங்கள் இருக்கின்றன. ஆண்டு முழுவதற்குமான சீசன் டிக்கெட் வைத்திருக்கும் உள்ளூர்க்காரருக்கு, ஃபிலீஸ் ஆட்டங்களின் டிக்கெட்டை நல்ல விலைக்கு விற்று மற்ற ஆட்டங்களின் செலவை ஈடுகட்டும் ஆசை வருவது இயல்பு. வீட்டின் முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட கதைதான் இது.

ஆனாலும் இந்த முறை வழக்கொழியவில்லை. 2022 பிளேஆஃப் (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்று) ஆட்டங்களில் சான் டியேகோ பாட்ரெஸ் அணியும் கார்டு முகவரியைப் பார்த்தே டிக்கெட் விற்பனையைத் தன் வட்டாரத்துக்குள் நிறுத்தியது. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் ரசிகர்களின் நீலச் சட்டை வெள்ளம் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் காத்திருந்தது என்பதை நினைத்தால், அந்தப் பதற்றம் விளங்கும்.

[திரையில்: மே 2012]

வாஷிங்டனில் அந்த மூன்று ஆட்டங்களில் இரண்டை நேஷனல்ஸ் வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் 19 வயது நேஷனல்ஸ் வீரர் பிரைஸ் ஹார்ப்பரின் முதுகில் ஃபிலீஸ் பந்துவீச்சாளர் கோல் ஹேமல்ஸ் வேண்டுமென்றே பந்தை எறிந்தார். ஹார்ப்பர் அதே இன்னிங்ஸில் ஹோம் பேஸைத் திருடி, அதாவது சக வீரர் பந்தை அடிக்கும்வரை காத்திராமல் கடைசித் தளத்துக்கு ஓடி, ரன் எடுத்துப் பதிலளித்தார். அந்தச் சீசனில் 98 ஆட்டங்களை வென்று நேஷனல்ஸ் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 2011இல் சுமார் 19 லட்சமாக இருந்த பார்வையாளர் எண்ணிக்கை 2012இல் 23 லட்சத்தைத் தாண்டியது. என் கணிப்பில் மைதானத்தை மீட்டது கார்டு சோதனையைவிட இந்த வெற்றிகளே.

[திரையில்: ஏப்ரல் 2, 2019]

அதே ஹார்ப்பர், 13 ஆண்டுகளுக்கு 33 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஃபிலீஸ் அணிக்கே போய்ச் சேர்ந்து, வாஷிங்டனுக்கு எதிரணி வீரராகத் திரும்பி வந்தார். உள்ளூர்க் கூட்டம் அவரை எள்ளிக் கூச்சலிட்டது. மட்டை பிடித்த முதல் இரு முறையும் அவர் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழப்பு) ஆனபோது மைதானமே அதிர்ந்தது. பிறகு எட்டாவது இன்னிங்ஸில் அவர் ஹோம் ரன் (பந்தை எல்லைச் சுவருக்கு வெளியே அடிப்பது) அடித்தார். ஃபிலீஸ் 8-2 என்று வென்றது. வலப்பக்க மாடத்தில் எழுந்து நின்று ஆர்ப்பரித்தவர்கள், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து டிக்கெட் வாங்கி வந்தவர்கள்.