துரேனின் புகழுக்குக் காரணம் கணக்கே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தளபதி துரேனுக்குப் புகழ் தேடித் தந்தது துணிச்சலா, கணக்கா என்பது இன்றைய வழக்கு. கணக்கே என்று நான் வாதாட வந்திருக்கிறேன்.

வயது ஏற ஏறத் துணிச்சல் கூடிய தளபதி என்று துரேனை நெப்போலியன் வியந்ததைச் சொல்லி எதிரணித் தோழர் கைதட்டல் வாங்கினார். அந்தச் சாட்சியை நான் என் பக்கம் அழைத்துக்கொள்கிறேன். இளமையில் பொங்கி முதுமையில் வடிவதுதான் துணிச்சலின் இயல்பு. அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் அது கூடியது என்றால், கூடியது இரத்தச் சூடா, பட்டறிவா?

1645 மே மாதத்தைப் பாருங்கள். மார்ஷல் பட்டம் பெற்ற துரேனுக்கு அப்போது 33 வயது. தீவனத்துக்காகத் தம் குதிரைப்படையைச் சுற்று வட்டாரத்து ஊர்களில் பிரித்து விட்டிருந்த வேளையில், ஜெர்மனியில் உள்ள மெர்கென்தைம் அருகே பவேரியத் தளபதி மெர்சி பாய்ந்தார்; பிரிந்தவர்கள் கூடுவதற்குள் படை நொறுங்கிவிட்டது.

இனி 1674 கடைசிக்கு வருவோம். பிரான்சின் கிழக்கு எல்லைப் பகுதியான அல்சாஸ், எதிரிகளான புனித ரோமப் பேரரசுப் படைகளின் கையில் இருந்தது. பனிக்காலம் என்பதால், போர் ஓய்ந்தது என்று நம்பி அவர்கள் ஊர் ஊராகப் பரவித் தங்கிவிட்டார்கள். துரேனும் வோஜ் மலைக்கு மேற்கே பின்வாங்கினார், அவர்கள் நம்பிக்கையை உறுதிப்படுத்துவதுபோல. பிறகு படையைச் சிறு சிறு பிரிவுகளாக்கி, மலைத்தொடரைத் திரையாக வைத்துக்கொண்டு, பனியில் தெற்கு நோக்கி நடத்திச் சென்று, டிசம்பர் இறுதியில் பெல்ஃபோர் அருகே ஒன்றுசேர்த்தார். டிசம்பர் 29 அன்று முல்ஹூஸில் ஒரு மோதல்; 1675 ஜனவரி 5 அன்று டுர்க்ஹைமில் பக்கவாட்டிலிருந்து ஓர் அடி; சில நாள்களில் எதிரிப்படை ரைன் ஆற்றைக் கடந்து போய்விட்டது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தம்மைக் கவிழ்த்த அதே பிரிவினையை, கூடும் இடம் குறித்து வைத்துக்கொண்டு ஆயுதமாக்கினார் அந்த மனிதர். பனியில் நடந்த வீரர்களின் துணிவை நான் மறுக்கவில்லை. அவர்களை நடக்க வைத்த திட்டம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன்.

1650இல் அரசருக்கு எதிரான கலகத்தில் சேர்ந்தாரே, அது என்ன கணக்கு என்பார்கள். தப்புக் கணக்குதான், ரெத்தெலில் தோற்று, அடுத்த ஆண்டே அரசர் பக்கம் திரும்பினார்.

கணக்கு என்றால் அறம் என்று நான் சொல்ல வரவில்லை. 1674 கோடையில் எதிரிக்கு உணவு கிடைக்கக் கூடாது என்பதற்காகப் ஜெர்மானியப் பகுதியான பாலட்டினேட் நாட்டில் ஊர்கள் எரிக்கப்பட்டன. உழவர்களின் கண்ணீர் அந்தக் கணக்கில் செலவுப் பக்கத்தில்கூட எழுதப்படவில்லை. இதுவும் துரேன்தான். ஆனால் இதற்கும் துணிச்சல் என்று பெயரிட எதிரணி முன்வருமா?

கடைசியாக ஒன்று. 1675 ஜூலை 27 அன்று சால்ஸ்பாக்கில், பேரரசின் தளபதி மொண்டேகூக்கொலியை எதிர்கொண்டிருந்தபோது, எதிரியின் பீரங்கி வரிசையைத் தாமே பார்க்கச் சென்ற துரேன் குண்டு பட்டு மாண்டார். பார்த்து அளந்த பிறகே முடிவெடுப்பது என்ற பழக்கம் அவரை அங்கே கொண்டு நிறுத்தியது. அவருக்குப் பின் படைக்குத் தலைமை யாருக்கு என்று துணைத்தளபதிகளிடையே பூசல் எழுந்தது. வீரர்கள் அதே வீரர்கள். ஆகஸ்ட் 1 அன்று ஆல்டன்ஹைமில் உயிரைத் துச்சமாக எண்ணிப் போரிட்டார்கள். இருந்தும் அந்தப் படை ரைனைக் கடந்து திரும்பத்தான் முடிந்தது. ஐந்தே நாளில் அங்கே குறைந்துபோனது எது என்று, நடுவர் அவர்களே, எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழரைச் சொல்லச் சொல்லுங்கள்.