அப்பாவின் வயதையும் கேளுங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிள்ளையின் மனநலக் கணக்கில் அப்பாவின் வயதும் சேருமா, சேராதா? சேரும் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் எழுந்ததுமே, “ஆம்பளைக்கு வயசு ஏதுங்க?” என்றார். கைதட்டல் பறந்தது. தலைக்குச் சாயம் பூசிய பெரியவர்கள் சிலர் கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள்.

சரி, ஜெருசலேமுக்குப் போவோம். அங்கே 1964 முதல் 1976 வரை பிறந்த சுமார் 88,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. 25 வயதுக்குள் அப்பாவானவர்களின் பிள்ளைகளைவிட, 50ஐத் தொட்டபின் அப்பாவானவர்களின் பிள்ளைகளுக்கு நிஜமும் கற்பனையும் குழம்பிப்போகிற மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. அம்மாவின் வயது? அப்பாவின் வயதைக் கணக்கில் சேர்த்ததும் அது ஒரு பொருட்டாகவே இல்லாமல் போனது.

ஏன் இப்படி? பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. ஆணுக்கு விந்தணு உற்பத்தி நிற்பதே இல்லை. விந்தணுவை உருவாக்கும் மூலச்செல்கள் ஆண்டுக்கு 20 தடவைக்கு மேல் பிரிகின்றன; ஒவ்வொரு தடவையும் மரபணுக்கள் நகலெடுக்கப்படுகின்றன. ஜெராக்ஸை வைத்தே மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து என்ன ஆகும்? ஐஸ்லாந்தில் எண்ணிப் பார்த்து 2012இல் சொன்னார்கள்: 20 வயது அப்பாவிடமிருந்து பிள்ளைக்குச் சுமார் 25 புதிய மரபணு மாற்றங்கள் போகின்றன, 40 வயது அப்பாவிடமிருந்து சுமார் 65. அம்மா தருவது எந்த வயதிலும் 15 அளவில்தான்.

எதிரணிப் பேராசிரியர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். தாமதமாகக் குடும்பம் அமைக்கிற ஆண்களின் சுபாவத்திலேயே ஏதோ இருந்து, அதுதான் பிள்ளைக்கு வருகிறதோ? அப்பாவுக்கு முதல் பிள்ளை எந்த வயதில் பிறந்தது என்பதே முக்கியம், அடுத்த பிள்ளைகள் பிறந்த வயது அல்ல என்ற 2011 டென்மார்க் ஆய்வையும் காட்டினார். நகல் பிழை மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்வீடனில் 26 லட்சம் பேரின் பதிவேடுகளை எடுத்து, உடன்பிறந்தவர்களையே ஒப்பிட்டார்கள். அப்பா அதே ஆள், அதே சுபாவம். அவருடைய 20–24 வயதில் பிறந்த பிள்ளையைவிட, 45க்கு மேல் பிறந்த பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். 2014இல் வந்த முடிவு இது.

“பயமுறுத்துகிறீர்கள்” என்றார் இன்னொருவர். பயம் எதற்கு? மனச்சிதைவு பொதுவாக நூற்றில் ஒருவர் அளவுக்கு வருகிற நோய். மூன்று மடங்கு என்றாலும், வயதான அப்பாக்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருப்பார்கள். ஐம்பதில் அப்பா ஆகாதே என்று நாங்கள் சட்டம் போட வரவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஏதாவது என்றதும், “மாசமா இருந்தப்ப என்ன சாப்பிட்ட?” என்று அம்மாவை மட்டும் குடைகிறார்களே, அதை நிறுத்துங்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களிடம் மருத்துவர் கணவரின் வயதையும் கேட்டுப் பேசட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்ந்துவிடுகிறேன். அடுத்து வரும் எதிரணி நண்பர் வேறெதையும் தொட வேண்டாம், அந்த ஸ்வீடன் கணக்குக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகட்டும். வணக்கம்.