ஊர்ப் பேரை மறக்காத குடியானவங்க

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பாலஸ்தீனத்துல மண்ணோட மண்ணா போன பழைய ஊர்களை, இன்னைக்கு ஜனங்க வாயில இருக்கற அரபிப் பேரை வெச்சே கண்டுபிடிச்ச கதையைத்தான் சொல்லப் போறேன்.

1838ல அமெரிக்காவுலேர்ந்து எட்வர்ட் ராபின்சன்னு ஒரு பைபிள் பேராசிரியர் அங்க போறாரு, கூட ஈலை ஸ்மித், பெய்ரூத்துல மிஷனரியா இருந்தவரு, அரபி சரளமா பேசுவாரு. அதுவரைக்கும் போனவங்க பெரும்பாலும் மடத்துத் துறவிங்க காட்டுன இடத்தை நம்பிட்டு வந்துருவாங்க, இவங்க நேரா குடியானவங்க கிட்டயும் பாலைவனத்து நாடோடிகளான பெதூயின்கள் கிட்டயும் போனாங்க. பைபிள்ல வர்ற கிபியோன்ங்கற ஊரை வெச்சு "இதுதான் கிபியோனா"ன்னு கேட்டா மரியாதைக்காகவாச்சும் ஆமான்னு சொல்லிருவாங்க இல்லையா, அதனால "இந்த ஊருக்கு என்ன பேரு, அந்த மேட்டுக்கு என்ன பேரு"ன்னு மட்டும் கேட்டாங்க.

ஜெருசலேமுக்கு வடக்க அனாத்தா, ஜெபா, முக்மாஸ்னு ஊருங்க. தமிழ் பைபிள் படிக்கறவங்களுக்கு உடனே பிடிபடும், ஆனதோத், கேபா, மிக்மாஸ். எபிரேயம், அரமேயம், அரபி எல்லாம் ஒரே குடும்பத்து மொழிங்கறதால பேரு பெருசா சிதையாம கைமாறிக்கிட்டே வந்திருக்கு. சீலோங்கற பழைய ஊரு எங்கன்னு பைபிளோட நியாயாதிபதிகள் புத்தகத்துலயே வழி இருக்கு, பெத்தேலுக்கு வடக்க, லெபோனாவுக்குத் தெற்க. அங்க போனா லுப்பான்னு ஒரு ஊரு, அதுக்குத் தெற்க இடிபாடு, அதுக்குப் பேரு சைலூன்!

கிரேக்கரும் ரோமானியரும் வெச்ச பெரிய பேருங்க நிறைய காணாமப் போச்சு. ஸ்கைத்தோபொலிஸ்னா யாருக்குத் தெரியும், பைசான்னா தெரியும், அது பழைய பெத்செயான். அதிகாரி எழுதி வெச்சதை விட ஜனங்க பேசுனது நெலச்சுது, எனக்கு இதுல பெரிய சந்தோஷம்.

ஆனா பேரை மட்டும் நம்பிறக் கூடாது, ஏன்னா ஊரு இடம் மாறும்போது பேரும் கூடவே நகர்ந்துரும். இப்ப இருக்கற எரிகோ பட்டணம் வேற, பழைய எரிகோ புதைஞ்ச மேடு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி. உம் லாகீஸ்னு ஒரு இடத்தைப் பாத்துட்டு பைபிள்ல வர்ற லாகீஸ் பட்டணம் அந்தப் பக்கந்தான்னு நெனச்சாங்க, இப்ப அறிஞர்கள் பெரும்பாலும் சொல்றது தெல் எத்-துவைர்ங்கற வேற மேட்டை. தோண்டிப் பாத்தாத்தான் முடிவு. அல்-ஜிப்ங்கற கிராமந்தான் கிபியோன்னு ராபின்சன் சொன்னாரு, 1956ல ஜேம்ஸ் பிரிச்சர்ட்ங்கற தொல்லியல் அறிஞர் அங்க தோண்டுனப்ப ஜாடிப் பிடிங்க கெடைச்சுது, அதுல பழைய எபிரேய எழுத்துல கிபியோன்னே பொறிச்சிருக்கு.

ராபின்சன் பேரு எல்லா புத்தகத்துலயும் இருக்கு, பேரைச் சொல்லிக் கொடுத்த குடியானவங்க பேரு எங்கயும் இல்ல, இதை நாம பேசியே ஆகணும். 1870கள்ல பிரிட்டிஷ்காரங்க சர்வே பண்ணி ஆயிரக்கணக்கான அரபிப் பேருங்களை எழுதி வெச்சாங்க. இஸ்ரேல் உருவானப்ப நடந்த 1948 போர்ல பெய்த் ஜிப்ரீன் மாதிரி நூத்துக்கணக்கான கிராமங்க காலியாச்சு, அங்கெல்லாம் போய் இந்த மேட்டுக்கு என்ன பேருன்னு கேக்க இப்ப ஆள் இல்ல, அந்தப் பட்டியலும் அகதிகளாப் போன குடும்பங்களோட ஞாபகமும்தான் இருக்கு, அந்தப் பெரியவங்க இருக்கும்போதே அவங்க கிட்ட கேட்டுப் பதிவு பண்ணியாகணும்.